‘பரசும் நின் தெய்வம் எப்படித்து?’
நேர்காணல் எடுப்போருக்கான கேள்வி – பதில்

எழுத்தாளர்கள், சிந்தனையாளர்களோடு நீண்ட நேர்காணல் எடுப்பது எப்படி என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. சமயம், கருத்து, சமூகம் என்று பேச்சு போகும்போது எழும் சிக்கல்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரி மலருக்காக ஒரு மூத்த எழுத்தாளரைப் பேட்டி காணப் போகிறேன். அவர் கதைகளில் கோயிலும் சாமியும் நிறைய வரும். மேடையிலோ நாத்திகம் பேசுவார். ‘உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?’ என்று நேரடியாகக் கேட்கலாமா? (மாணவி, திருநெல்வேலி)

கேளுங்கள். ஆனால் முதல் கேள்வியாக வேண்டாம். அந்த வடிவத்திலும் வேண்டாம். ‘உண்டா?’ என்றால் ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றுதான் வரும். அதுவும் ஐம்பது மேடையில் சொல்லிப் பழகிய பதிலாக இருக்கும்.

மணிமேகலைக் காப்பியத்தில், மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயக்கணக்கர்களை (பல சமயக் கொள்கைகளைப் பேசுவோரை) சந்திக்கும் 27-ஆவது காதையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துப் பேர். சைவவாதியிடம் அவள் கேட்பது ‘பரசும் நின் தெய்வம் எப்படித்து?’ என்று. நீ போற்றும் தெய்வம் எத்தன்மையது என்பதுதான் கேள்வி, இருக்கிறதா என்பதல்ல. உடனே அவன் இரு சுடர், இயமானன் (வேள்வி செய்பவன்), ஐம்பூதம் என்று எட்டையும் எண்ணிச் சொல்லி விவரிக்கத் தொடங்கிவிடுகிறான். பத்துப் பேரிடமும் அவள் வாதாடுவதில்லை. கடைசியில் வரும் பூதவாதி கண்ணால் கண்டதைத்தான் ஏற்பேன் என்று சொன்ன பிறகே ஒரு கேள்வி போடுகிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? அவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டிருந்ததால்தான் அந்த ஒரு கேள்வி அப்படித் தைக்கிறது.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 1959 அக்டோபரில் பிபிசி தொலைக்காட்சியில் ஜான் ஃப்ரீமன், 84 வயது உளவியலாளர் கார்ல் யுங்கைப் பேட்டி கண்டார். யுங்கின் தந்தை ஒரு போதகர். ஃப்ரீமன் முதலில் சிறுவயதில் தேவாலயத்துக்குப் போன வழக்கத்தைக் கேட்டார். அப்போது கடவுளை நம்பினீர்களா என்று அடுத்து கேட்டார். ஆமாம் என்றார் யுங். அதன் பிறகுதான், இப்போது நம்புகிறீர்களா? யுங் சற்றுத் தயங்கினார். சொல்வது கடினம் என்றார். பிறகு, ‘எனக்குத் தெரியும். நம்பத் தேவையில்லை. தெரியும்’ என்றார். முதல் கேள்வியிலேயே இதைக் கேட்டிருந்தால் அந்தத் தயக்கம் வந்திருக்காது.

அதே பேட்டியில் ஒரு குறையும் உண்டு. ‘எது தெரியும்?’ என்று ஃப்ரீமன் கேட்கவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு யுங்குக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். எந்த மதத்தின் கடவுளையும் நிரூபித்துவிட்டதாகத் தான் சொல்லவில்லை, தன் விருப்பத்தை மீறித் தன்னை எதிர்கொள்ளும் அறியமுடியாத ஒன்றுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறேன் என்று 1960 ஜனவரியில் ‘தி லிஸனர்’ இதழில் அவர் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு துணைக்கேள்வி போதுமாயிருந்தது.

ஆகவே உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பழக்கத்தைக் கேளுங்கள்: ‘ஊர்க்கோயில் கொடைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? தலைக்கட்டு வரி இன்னும் உங்கள் பெயரில் போகிறதா?’ கோயில் விழாவுக்குக் குடும்பந்தோறும் பிரிக்கும் அந்த வரியை நாத்திகரும் கொடுத்திருப்பார். ஏன் கொடுக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்து இளமை: வீட்டில் யார் கும்பிட்டார்கள், யார் கும்பிடவில்லை. பிறகு திருப்பம்: எந்த வயதில், எதைப் படித்து, எந்தச் சம்பவத்தால் மாறினார். கடைசியில் அவர் பயன்படுத்தும் சொல்: ‘சாமி என்று கதையில் எழுதுகிறீர்கள், கடவுள் என்று மேடையில் மறுக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?’ இந்தக் கடைசிக் கேள்விக்கு நாற்பது நிமிடப் பேச்சாவது முன்னால் போயிருக்க வேண்டும். சாவு, பதினாறாம் நாள் காரியம், பிள்ளைகளின் திருமணம் எந்த முறைப்படி நடந்தது போன்றவற்றை அதற்கும் பின்னால் வையுங்கள். அவர் முகம் சுருங்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எத்தனை கேள்வி தயார் செய்துகொண்டு போக வேண்டும்? எவ்வளவு படிக்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

ஒன்றரை மணி நேரப் பேட்டிக்கு 12 முதல் 15 கேள்விகள். அவற்றில் எட்டோ ஒன்பதோதான் கேட்கப்படும். மற்றவை அவர் சொல்லும் பதிலிலிருந்தே பிறக்கும். நாற்பது கேள்வியோடு போகிறவர் பதிலைக் கேட்பதில்லை, அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார். எழுபது வயதைத் தாண்டியவர் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாம் அமர்வு வையுங்கள். அந்த இடைவெளியில் அவர் முதல் நாள் பேசியதை அசைபோட்டு வைத்திருப்பார். பெரும்பாலும் இரண்டாம் நாள்தான் நல்ல பேச்சு கிடைக்கும்.

எல்லா நூலையும் படித்துவிட்டுப் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் முதல் நூல், கடைசி நூல், யாரும் பேசாமல் விட்ட ஒரு நூல், இந்த மூன்றையும் கட்டாயம் படியுங்கள். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் எழுத்தாளர் நிமிர்ந்து உட்காருவார். அவருடைய பழைய பேட்டிகள் ஐந்தாறைத் தேடிப் பிடித்து, திரும்பத் திரும்பச் சொன்ன கதைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதை மறுபடி வரும்போது, ‘முன்பு ஒரு பேட்டியில் இதைச் சொல்லி இன்ன முடிவுக்கு வந்தீர்கள், இப்போதும் அதே முடிவா?’ என்று கேட்டுக் கடந்து போகலாம். அவர் எழுத்திலிருந்து மூன்று பத்திகளைப் பக்க எண்ணோடு எடுத்துச் செல்லுங்கள். ‘நீங்கள் எங்கேயோ எழுதியிருந்தீர்கள்’ என்று தொடங்கும் கேள்வியை ‘நான் அப்படி எழுதவில்லையே’ என்று ஒரே வரியில் அவர் முடித்துவிடலாம்.

கேள்வியைத் தாளில் முழு வாக்கியமாக எழுதாதீர்கள். இரண்டு மூன்று சொல் போதும். முழு வாக்கியம் இருந்தால் அதை வாசிப்பீர்கள், வாசித்தால் அது பேச்சாக இராது. ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். முன்னுரை அரை நிமிடத்தைத் தாண்டினால் அவர் உங்கள் முன்னுரைக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். இன்னொன்று, பதில் முடிந்தது போலத் தோன்றியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர் சொல்லும் வாக்கியம் பல சமயம் அதற்கு முன் சொன்ன பத்தியைவிட மதிப்புள்ளது.

கேள்வி: கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? (வாசகர், மதுரை)

தலைப்புகளை அனுப்புங்கள், கேள்விகளை வேண்டாம். ‘இளமைக்கால வாசிப்பு, உங்கள் இரண்டாவது நாவலில் வரும் துறவி, சாதியும் சமயமும், மொழிபெயர்ப்பு’ என்று நான்கைந்து வரி. அவர் யோசித்து வைத்திருக்க அது போதும். மனப்பாடம் செய்ய இடம் கொடுக்காது.

எழுத்தில்தான் பதில் தருவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களும் உண்டு. நாவலாசிரியர் விளதிமீர் நபக்கோவ் கேள்விகளை எழுத்தில் வாங்கி எழுத்திலேயே பதில் தருவதை விதியாகவே வைத்திருந்தார். அதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு: உளறல் இராது, தயக்கமும் இராது. மின்னஞ்சலில் எடுப்பதானால் எல்லாக் கேள்வியையும் ஒரே கட்டாக அனுப்பாதீர்கள். பதினைந்து கேள்வியை மொத்தமாக அனுப்பினால் பதினைந்து குட்டிக் கட்டுரைகள் ஒரே நீளத்தில் திரும்பி வரும். முதலில் ஐந்து, அந்தப் பதில்களிலிருந்து மூன்று, பிறகு மேலும் மூன்று என்று மூன்று சுற்று போங்கள். பேட்டி மின்னஞ்சலில் எடுக்கப்பட்டது என்று முகப்புக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். ‘(சிரிக்கிறார்)’ என்று நடுவில் செருகும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: கைபேசியில் பதிவு செய்தால் போதுமா? சென்ற முறை பாதிப் பேச்சு விசிறிச் சத்தத்தில் போய்விட்டது. (வாசகர், சென்னை)

கைபேசி போதும், ஆனால் இரண்டு கருவி வேண்டும். ஒன்று அவர் பக்கத்தில், ஒன்று உங்கள் பக்கத்தில். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள்; அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் பதிவு நின்றுவிடும், நின்றதே தெரியாது. சட்டையில் மாட்டும் சிறு ஒலிவாங்கி மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். பட்டுப் புடவை, கஞ்சி போட்ட சட்டை இரண்டும் அதில் உரசிச் சரசரக்கும். துணியை மடித்துக் கவ்வவிடுங்கள். மேசைமேல் வைப்பதானால் அடியில் மடித்த துண்டு ஒன்று போடுங்கள், இல்லையென்றால் காப்பி டம்ளர் வைக்கும் ஒவ்வொரு முறையும் இடி விழும்.

மின்விசிறியை நிறுத்தச் சொல்லத் தயங்குவீர்கள், வெயில் காலத்தில் சொல்லவும் கூடாது. விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, வேகத்தைக் குறையுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டிய அறை வேண்டாம். குக்கர் விசில் எப்போதும் முக்கியமான வரியில்தான் வரும். முதல் இரண்டு நிமிடம் பதிந்து, காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். சுருக்கப்படாத ‘வேவ்’ வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்பி ஆகும். அதற்கு இடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: பேச்சுத் தமிழில் சொன்னதை அப்படியே போடுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா? எங்கள் பேச்சை உங்கள் பத்திரிகைகள் மாற்றிவிடுகின்றன என்ற மனக்குறையும் உண்டு. (வாசகர், யாழ்ப்பாணம்)

மனக்குறை நியாயமானது. ‘நான் கோயிலுக்குப் போறனான்’ என்று யாழ்ப்பாணத்தார் ஒருவர் சொன்னால் வழக்கமாகப் போகிறவன் என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. அதை ‘கோயிலுக்குப் போகிறேன்’ என்று மாற்றினால் அந்த வழக்கம் போய்விடும். இன்று மாலை போகிறார் போலாகிவிடும்.

சமயம் பற்றிய பேச்சில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘சாமி கும்பிடுவேன்’ என்பதை ‘இறைவனை வழிபடுவேன்’ என்று திருத்திய மறுகணம் வேறொரு மனிதர் பேசத் தொடங்கிவிடுகிறார். கிறிஸ்தவர் ‘விசுவாசம்’ என்பதும், முஸ்லிம் ‘ஈமான்’ என்பதும், இன்னொருவர் ‘பக்தி’ என்பதும் ‘நம்பிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கமாட்டா. ‘மார்க்கம்’ என்று சொன்னவரை ‘மதம்’ என்று சொல்ல வைக்கக் கூடாது. நெல்லைப் பக்கத்தவர் ‘வேதக்கோயில்’ என்றால் அதைத் ‘தேவாலயம்’ ஆக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குள் ஊரின் வரலாறே இருக்கிறது.

வினைமுற்றைக் கவனியுங்கள். ‘ஏதோ ஒண்ணு இருக்கு’, ‘அவர் இருக்கார்’, ‘அவன் பாத்துக்குவான்’, ‘ஆத்தா இருக்கா’. இந்த நான்கும் நான்கு வேறு இறைக்கொள்கைகள். முதலாவதில் ஆள் இல்லை. மூன்றாவதில் தேவாரத்திலும் ஆழ்வார் பாசுரத்திலும் கேட்கும் அதே உரிமை. மரியாதை கருதி மெய்ப்புத் திருத்துபவர் நான்கையும் ‘கடவுள் இருக்கிறார்’ என்று ஆக்கிவிட்டால், அந்த மனிதரிடம் நாம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதில் என்ன பயன்?

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 5,000 முதல் 6,000 சொல் வரும். கேட்டு எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் செய்தி வாசிப்பது போலப் பேசுகிறவரிடம் நன்றாக வேலை செய்யும். வட்டார வழக்கிலும் ஆள்பெயர், ஊர்ப்பெயர்களிலும் தடுக்கி விழும். அவற்றை நம்பி மூலப் பதிவைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதல் படியில் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள், ‘வந்து’, ‘என்னன்னா’ உட்பட. இரண்டாம் படியில் அந்த ஒட்டுச் சொற்களையும் கூறியது கூறலையும் எடுங்கள். மூன்றாம் படியில் நடை: விளக்கமும் தகவலும் வரும் இடங்களை எளிய எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவரலாம், நம்பிக்கை, கோபம், நினைவு, பிறர் சொன்னதைச் சொல்வது ஆகியவற்றைப் பேச்சிலேயே விடுங்கள். நான்காவதாக, முடிந்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பதிவை மறுபடி முழுக்கக் கேளுங்கள். பலர் தவிர்ப்பது இந்த நான்காவதைத்தான். ‘இல்லை என்று சொல்ல மாட்டேன்’ என்பது ‘இல்லை என்று சொல்வேன்’ ஆகியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

மொழி மாறினால் நிலைமை இன்னும் சிக்கலாகும். ரமண மகரிஷியோடு 1935 முதல் 1939 வரை பலர் நடத்திய உரையாடல்களை முனகால வேங்கடராமையா குறித்துவைத்தார். பேச்சு பெரும்பாலும் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும், குறிப்பு ஆங்கிலத்தில். இன்று அதைத் தமிழில் படிப்பவர் தமிழ்ப் பேச்சின் ஆங்கிலக் குறிப்பின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படிக்கிறார். இதற்கு மாறாக ‘நான் யார்?’ நூலின் தொடக்கம் எழுத்திலேயே நிகழ்ந்தது. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்க, அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டினார். 1923-இல் அச்சானது. பிறகு ரமணரே கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரையாகவும் ஆக்கினார். கேள்வியோடு ஒருமுறை, கட்டுரையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். கேட்டவரின் தவிப்பு போனதும் பதிலின் தொனி எப்படி மாறுகிறது என்பது தெரியும்.

கேள்வி: எழுதிய பிரதியை அவரிடம் காட்ட வேண்டுமா? காட்டினேன், பாதியை அடித்துவிட்டார். (வாசகர், புதுச்சேரி)

செய்திக்கான பேட்டியைக் காட்டத் தேவையில்லை. நீண்ட இலக்கியப் பேட்டியைக் காட்டுவதுதான் முறை. நீங்கள் செய்த தவறு காட்டியதில் இல்லை. எதை மாற்றலாம் என்று முன்பே பேசிக்கொள்ளாததில் இருக்கிறது. பதிவைத் தொடங்குமுன் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஆண்டு, பெயர், மேற்கோள் பிழைகளைத் திருத்தலாம். ஒரு பதிலை விரிவாக்கலாம். முழுப் பதிலையும் நீக்க வேண்டுமானால் இருவரும் ஒப்பவேண்டும். திருப்பித் தர ஏழு நாள். அதற்குள் வராவிட்டால் இருப்பது அச்சுக்குப் போகும். அச்சிடவும் பின்னால் நூலாகத் தொகுக்கவும் ஒப்புதல் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பேட்டியின் பதிப்புரிமை யாருக்கு என்ற சண்டை பெரும்பாலும் அவர் மறைந்த பிறகு வாரிசுகளோடுதான் வரும்.

ஆனானப்பட்டவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ இதழ் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெகரை 1966 செப்டம்பர் 23 அன்று பேட்டி கண்டது. நாஜிக் கட்சியோடு அவருக்கிருந்த தொடர்பைக் கேட்பதே முதல் நோக்கம். தான் இறந்த பிறகே வெளியிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. 1976 மே 26-இல் இறந்தார், மே 31-இல் பேட்டி வெளியானது. இடையில் பிரதி திருத்தப்பட்டிருந்தது. அச்சில் வந்தது அன்றைய பேச்சு அப்படியே அல்ல. துணைக்கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் வெளியான பதில்கள் அவை. இப்படி ஒரு நிபந்தனையை ஏற்பதா என்பதைப் பதிவுக்கு முன்பே ஆசிரியர் குழு முடிவு செய்ய வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்து, பேட்டி எடுப்பவர் தன் கருத்தை மற்றவர் வாயில் வைப்பது. 1980 மார்ச்சில் ‘லெ நூவெல் ஒப்ஸர்வதர்’ இதழில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ரோடு அவருடைய செயலாளர் பென்னி லெவி நடத்திய உரையாடல் மூன்று பகுதிகளாக வந்தது. பார்வை போன சார்த்ர், யூத மரபின் நம்பிக்கைகளை நோக்கிச் சாய்ந்தது போலத் தோன்றும் பகுதிகள் அதில் உண்டு. இது அவர் குரலே அல்ல என்று அவருடைய வாழ்க்கைத் துணை சிமோன் த பொவார் கொதித்தார். தன் கருத்துத்தான், வெளியிடுங்கள் என்று சார்த்ர் உறுதியாக நின்றார். அடுத்த மாதமே இறந்துவிட்டார். விவாதம் இன்றும் தீரவில்லை. முதியவர், கண் தெரியாதவர், உங்களை நம்பியிருப்பவர் என்றால், பிரதியை முழுக்க அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது உங்களைச் சேராத மூன்றாமவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அந்த வாசிப்பையும் பதிவு செய்து வையுங்கள்.

கேள்வி: அவர் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. வாதாடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

வாதாடலாம், சொற்களுக்குப் பொருள் பேசிக்கொண்ட பிறகு. 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் கடவுள் உண்டா என்று பாதிரியார் காப்பிள்ஸ்டனும் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் விவாதித்தார்கள். காப்பிள்ஸ்டன் எடுத்த எடுப்பில், கடவுள் என்றால் உலகிலிருந்து வேறான, உலகைப் படைத்த, ஆளுமையுள்ள உச்சப் பரம்பொருள் என்று தற்காலிகமாகக் கொள்ளலாமா என்று கேட்கிறார். ரஸ்ஸல் ஏற்கிறார். அதற்கு மேல்தான் சண்டை. முடிவு எட்டவில்லை, எட்டும் என்று இருவரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றை மறுக்கும் கூத்து அதில் இல்லை. நம் தொலைக்காட்சி விவாதங்களில் அந்த முதல் இரண்டு நிமிடத்தைத்தான் காணோம்.

இன்னொரு நல்ல மாதிரி, 1930 ஜூலை 14 அன்று பெர்லினுக்கு அருகே கபுத் என்ற ஊரில் ஐன்ஸ்டைன் வீட்டில் தாகூரோடு நடந்த உரையாடல். மனிதனைச் சாராத உண்மை உண்டா என்பது விஷயம். மனிதர்களே இல்லாமல் போனால் கிரேக்கக் கடவுள் அப்போலோவின் சிலை அழகாக இராதா என்று ஐன்ஸ்டைன் கேட்கிறார். இராது என்கிறார் தாகூர். அழகு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், உண்மை விஷயத்தில் ஒப்ப மாட்டேன் என்கிறார் ஐன்ஸ்டைன். எதிராளிக்குப் பாதியை விட்டுக்கொடுத்து மீதியை இறுக்கிப் பிடிப்பதைப் பாருங்கள். வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும் இந்த மேசை இங்கேதானே இருக்கும் என்று கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டுகிறார். காகிதத்தைத் தின்னும் பூச்சிக்கு இலக்கியம் என்று ஒன்று இல்லையே என்று தாகூர் மடக்குகிறார். கடைசியில், ‘அப்படியானால் உங்களைவிட நான்தான் அதிக சமயப் பற்றுள்ளவன்!’ என்று ஐன்ஸ்டைன் சொல்வதாக முடிகிறது. அச்சில் வந்த வடிவங்கள் ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இரு மொழிகளில் நடந்த பேச்சு, பிறர் எடுத்த குறிப்பு.

பேச்சு அந்தரத்தில் போகத் தொடங்கினால் நீங்களும் அறையில் ஒரு மேசையைத் தேடுங்கள். ‘சமத்துவம்’ என்று அவர் பத்து நிமிடம் பேசினால், ‘உங்கள் தெருக் கோயில் தேரின் வடத்தை யார் யார் இழுக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். வாதம் தன்னால் தரைக்கு வரும். உங்கள் பேச்சு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அது பேட்டி அல்ல. விவாதம் என்றே பெயர் போட்டு வெளியிடுங்கள்.

கேள்வி: மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்கு வருமா என்று பயமாக இருக்கிறது. (சிற்றிதழ் ஆசிரியர், சேலம்)

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ. மூன்றாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதுதான் குற்றம். எல்லா விமர்சனமும் அல்ல. 1957-இல் உச்ச நீதிமன்றம் பழைய பிரிவு செல்லும் என்றபோது இந்த நோக்கத்தையே அடிக்கோடிட்டது. ஆனால் விடுதலை ஆவது வேறு, வழக்குக்கு அலைவது வேறு. அலைச்சலைக் குறைக்க வழி: மூலப் பதிவை வெட்டாமல் வைத்திருங்கள். தனி ஆளைப் பற்றிய குற்றச்சாட்டு இருந்தால் அவரிடம் விளக்கம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். அவதூறு 356-ஆம் பிரிவு. ஐயமான பகுதியை அச்சுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் தலைப்பைக் கவனியுங்கள். ஆறு பக்கப் பேட்டியில் எழுத்தாளர் முன்னும் பின்னும் விளக்கிச் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிய்த்து எடுத்து அட்டையில் போடுவது நீங்கள். அடி வாங்குவது அவர்.

கேள்வி: ‘ஐயா’, ‘தோழர்’, ‘சார்’ எல்லாம் அச்சில் வரலாமா? (வாசகர், திருவண்ணாமலை)

பேசும்போது அவர் எதற்குப் பழகியவரோ அப்படி அழையுங்கள். அச்சில் ஒருமுறை இருந்தால் போதும், ஒவ்வொரு கேள்வியிலும் வேண்டாம். நீங்கள் அவரை வீட்டில் ‘மாமா’ என்று கூப்பிடுகிறவர் என்றால் அந்த உறவை முகப்புக் குறிப்பில் சொல்லுங்கள். லெவி சார்த்ரை ஒருமையில் விளித்த உரிமையே பலரைச் சந்தேகப்பட வைத்தது.

கேள்வி: பதிவை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கும்போதுதான் நல்ல விஷயமெல்லாம் சொல்கிறார்கள். அதைச் சேர்க்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

அந்த இடத்திலேயே, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுங்கள்: ‘இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?’ சரி என்றால் கருவியைத் திரும்பப் போட்டு, அதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் முறை சற்று உலர்ந்துதான் வரும், பரவாயில்லை. வேண்டாம் என்றால் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள். வெளியே வந்து பேருந்தில் ஏறிய பிறகு நினைவிலிருந்து எழுதி, ‘பேச்சினிடையே குறிப்பிட்டார்’ என்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே எழுத்தாளர் இரண்டாம் பேட்டி கொடுப்பதில்லை.